தலைநகர இரயில்: யோசனை தனியாருடையது, பாரம் யாருடையது?



கோலாலம்பூரில் இன்று எம்.ஆர்.டி என்று நாம் அழைக்கும் பெருவிரைவு இரயில் திட்டத்தை முதலில் முன்மொழிந்தது அரசாங்கம் அன்று. இரண்டு கட்டுமான நிறுவனங்கள் கூட்டாக வரைந்து, அரசாங்கத்திடம் கொண்டுபோய்க் கொடுத்த யோசனை அது. எம்.எம்.சி, கமுடா என்னும் அவ்விரு நிறுவனங்களும் 2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதை முன்வைத்தன. அவ்வாண்டு டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2011 ஜூலையில் பணி தொடங்கி வைக்கப்பட்டது.

ஆசிரியர் அறையில் ஒரு நாள் இதைச் சொன்னபோது உடன் பணியாற்றும் நண்பர்கள் வியப்படைந்தனர். இவ்வளவு பெரிய காரியத்தை அரசாங்கம்தானே எண்ணித் திட்டமிட்டிருக்க வேண்டும் என்பது அவர்களின் நம்பிக்கை. அந்த வியப்பே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நான் பொருளாதார அறிஞர் அல்லேன். பொறியியலும் படித்தவள் அல்லேன். தமிழ்ப்பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை. ஆயினும் என் மாணவர்களின் பெற்றோர் பலர் நாள்தோறும் இந்த இரயிலை நம்பியே வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் வீடு திரும்பும் நேரம்தான் என் மாணவன் வீட்டுப்பாடத்தை யாரிடம் காட்டுவான் என்பதை முடிவு செய்கிறது. ஆகவே இதைப் பற்றிப் பேசும் உரிமை எனக்கும் உண்டு என்று கருதுகிறேன்.

தனியார் இரயில் என்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1885-இல் தைப்பிங்கையும் போர்ட் வெல்டையும் இணைத்து முதல் தண்டவாளம் போடப்பட்டது. அதற்கு அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1891-இல், சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கு ஒரு தனியார் நிறுவனத்தின் இரயில் ஓடத் தொடங்கியது. சுங்கை உஜோங் இரயில் என்பது அதன் பெயர். 1908-இல் அரசாங்க இரயில்வே அதை விலைக்கு வாங்கிக் கொண்டது. தனியார் தொடங்குவது, பின்னர் அரசாங்கம் வாங்குவது என்னும் இந்தக் கதை ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பிறகு தலைநகரில் மீண்டும் நிகழ்ந்தது. ஒரு முறை அன்று, மூன்று முறை!

1990-களில் கோலாலம்பூரின் சாலைகள் நெரிசலால் திணறிக் கொண்டிருந்தன. நகருக்குள் போய்வர எளிய மக்களுக்கு இருந்தவை பேருந்துகளும், இளஞ்சிவப்பு நிறத்தில் ஓடிய மினி பஸ்களும்தாம். அரசாங்கம் தன் கைப்பணத்தைப் போட்டு இரயில் கட்ட விரும்பவில்லை. தனியார்மயமே எல்லாவற்றுக்கும் மருந்து என்று கருதப்பட்ட காலம் அது. ஆகவே இலகு இரயில் கட்டும் உரிமம் தனியார் நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டது.

முதலில் வந்தது ஸ்டார். 1996 டிசம்பரில் அம்பாங்கிலிருந்து நகர மையத்திற்கு அது ஓடத் தொடங்கியது. அதன் தடத்தில் பெரும்பகுதி, கைவிடப்பட்ட பழைய இரயில் பாதை கிடந்த நிலமே. நிலம் தயாராக இருந்தது, செலவு குறைந்தது. அடுத்து 1998 செப்டம்பரில் புத்ரா வந்தது. ஓட்டுநர் இல்லாமல் தானே இயங்கும் இரயில் என்பதால் மக்கள் முன்பெட்டியில் நின்று வேடிக்கை பார்த்தனர். அவ்வாண்டுதான் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி தலைநகரில் நடைபெற்றது. மூன்றாவதாக 2003 ஆகஸ்டு 31-இல் மோனோரயில் வந்தது. எட்டரைக் கிலோமீட்டர் தூரம், 11 நிலையங்கள். அவற்றுள் ஒன்று துன் சம்பந்தனார் பெயரைத் தாங்கி நிற்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி.

இம்மூன்றையும் மூன்று வெவ்வேறு நிறுவனங்கள் கட்டின. மூன்றுக்கும் மூன்று விதமான தொழில்நுட்பம். ஒன்றின் பெட்டி மற்றொன்றின் தடத்தில் ஓடாது. ஒன்றின் பயணச்சீட்டு மற்றொன்றில் செல்லாது.

2000-ஆம் ஆண்டில் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவி. விடுமுறை நாள்களில் தோழியரோடு நகருக்குப் போவதுண்டு. மஸ்ஜிட் ஜாமேக் நிலையத்தில் ஸ்டாரும் புத்ராவும் சந்தித்தன என்று வரைபடம் காட்டும். உண்மையில் அவை சந்திக்கவே இல்லை. ஒன்று மேலே, மற்றொன்று நிலத்தடியில். ஒரு நிலையத்தை விட்டு வெளியேறி, சாலையைக் கடந்து, மறுபடியும் வரிசையில் நின்று, இன்னொரு பயணச்சீட்டு வாங்க வேண்டும். மழை பெய்தால் நனைய வேண்டும். கைக்குழந்தையோடும் மூட்டையோடும் வந்த தாய்மார்கள் அந்தச் சாலையோரம் நின்ற காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. இன்னொரு பயணச்சீட்டு வாங்காமலேயே ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்திற்கு உள்ளுக்குள்ளேயே மாறும் வசதி 2011 நவம்பரில்தான் வந்தது. ஒரே பெயர் கொண்ட இரண்டு நிலையங்கள் ஒரே நிலையமாக ஆவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது!

பிரிக்பீல்ட்ஸிலும் இதே நிலைதான். கே.எல். சென்ட்ரல் என்னும் பெரிய நிலையம் 2001-இல் திறக்கப்பட்டது. மோனோரயில் நிலையமோ சற்றுத் தள்ளிச் சாலைக்கு அப்பால் நின்றது. வெயிலிலும் புழுதியிலும் கட்டுமான இடத்தின் ஓரமாக நடந்து போக வேண்டியிருந்தது. 2014-இல் இடையில் ஒரு பேரங்காடி எழுந்த பிறகே அதன் வழியாக நிழலில் நடக்கும் வாய்ப்புக் கிட்டியது. அதுவும் கடைகளைப் பார்த்துக் கொண்டே!

இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் தடத்தைப் பற்றி மட்டும் எண்ணியது. அதுதான் அதன் வேலை. தடங்களுக்கு இடையில் இருக்கும் சாலையைப் பற்றி எண்ணுவது யாருடைய வேலை? அங்கேதான் வெற்றிடம் இருந்தது.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்ததே. 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. எதிர்பார்த்த அளவுக்குப் பயணிகள் வரவில்லை. வாங்கிய கடனுக்கு வட்டி ஏறியது. ஸ்டார், புத்ரா இரண்டின் கடனும் சேர்ந்து 500 கோடி ரிங்கிட்டைத் தாண்டியது. இறுதியில் 2002-இல் அரசாங்கத்திற்குச் சொந்தமான பிரசரானா நிறுவனம் இரண்டையும் எடுத்துக் கொண்டது. 2007-இல் மோனோரயிலும் அதே வழியில் வந்து சேர்ந்தது. இலாபம் வந்தால் தனியாருக்கு, இழப்பு வந்தால் பொதுமக்களுக்கு என்று யாரும் ஒப்பந்தத்தில் எழுதி வைக்கவில்லை. ஆனால் முடிவு அப்படித்தான் அமைந்தது. ஏனெனில் இரயில் என்பது கடை போன்றதன்று. இழப்பு வந்தால் கதவை மூடிவிட்டுப் போக முடியாது. மறுநாள் காலையில் ஆயிரமாயிரம் பேர் நடைமேடையில் நிற்பார்களே!

இந்தப் பின்னணியில்தான் 2010-இன் யோசனையைப் பார்க்க வேண்டும்.

அதற்குரிய பெருமையையும் நாம் மறைக்கக் கூடாது. முன்பு வந்தவை தனித்தனித் தடங்கள். 2010-இல் வந்ததோ ஒரு வலைப்பின்னல். நகரின் குறுக்கே செல்லும் இரண்டு நீண்ட தடங்கள், அவற்றைச் சுற்றி இணைக்கும் ஒரு வட்டத் தடம் என்று முழு நகரத்தையும் ஒன்றாகப் பார்த்தது அந்த யோசனை. மதிப்பீடு ஏறக்குறைய 3,600 கோடி ரிங்கிட். நம் நாட்டு வரலாற்றில் அதற்கு முன் அவ்வளவு பெரிய கட்டமைப்புத் திட்டம் இருந்ததில்லை.

அதை முன்மொழிந்தவர்களுக்கு அனுபவமும் இருந்தது. வெள்ளநீரையும் வாகனங்களையும் ஒரே சுரங்கத்தில் செலுத்தும் 'ஸ்மார்ட்' சுரங்கம் 2007-இல் திறக்கப்பட்டதல்லவா? அதைக் கட்டியவர்கள் இவர்களே. கோலாலம்பூரின் அடியில் சுண்ணாம்புப் பாறை. அதனுள்ளே குகைகளும் வெடிப்புகளும் நிறைந்திருக்கும். சாதாரணமாகத் துளைத்தால் மேலே தரை உள்வாங்கிப் போகும். அந்த மண்ணுக்கென்றே ஒரு ஜெர்மானிய நிறுவனத்தோடு சேர்ந்து, குழம்பின் அடர்த்தியை மாற்றிக் கொள்ளும் துளைப்பு இயந்திரம் ஒன்றை உருவாக்கினர். உலகில் முதன்முதலில் அத்தகைய இயந்திரம் பயன்பட்டது நம் நகரத்தின் அடியில்தான். இது நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

முதல் தடம் திறக்கப்பட்டபோது சுங்கை பூலோவிலிருந்து காஜாங் வரை சென்றது. 51 கிலோமீட்டர், 31 நிலையங்கள். அதில் ஒன்பதரைக் கிலோமீட்டர் நிலத்தடியில், ஏழு நிலையங்களோடு. 2016 டிசம்பர் 16-இல் ஒரு பகுதியும், 2017 ஜூலை 17-இல் மறு பகுதியும் திறக்கப்பட்டன. 2,300 கோடி ரிங்கிட் ஆகும் என்று கணக்கிட்டிருந்தது 2,100 கோடியில் முடிந்தது. இரண்டாம் தடம் 2022 ஜூனிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டங்களாகத் திறக்கப்பட்டுப் புத்ராஜெயா வரை செல்கிறது. ஜிஞ்சாங், செந்தூல், சுங்கை பீசி, செர்டாங் என நம்மவர்கள் வாழும் பகுதிகள் பலவற்றைத் தொட்டுச் செல்லும் தடம் அது.

இவ்வளவும் நல்லவையே. அப்படியிருக்க, கேள்வி எங்கே எழுகிறது?

பள்ளியில் வினாத்தாள் தயாரிப்பவர் ஒருவர். தேர்வு எழுதுபவர் ஒருவர். விடைத்தாள் திருத்துபவர் ஒருவர். மூவரும் ஒருவரே என்றால் அந்தத் தேர்வுக்கு என்ன மதிப்பு? அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்த மதிப்பெண்ணைப் பெற்றோர் நம்பமாட்டார்கள். திட்டத்தை முன்மொழிந்த நிறுவனக் கூட்டணியே, கட்டுமானப் பணிகளை ஒருங்கிணைத்து முடித்துக் கொடுக்கும் பொறுப்பாளராகவும் நியமிக்கப்பட்டது. நிலத்தடிப் பணியின் ஒப்பந்தமும், சுமார் 820 கோடி ரிங்கிட் மதிப்பில், 2012-இல் அதற்கே கிடைத்தது.

அரசாங்கம் இதை உணராமல் இல்லை. மேம்பாலத் தடப் பணிகளில் அக்கூட்டணி பங்கெடுக்கக் கூடாது என்று விதித்தது. நிலத்தடிப் பணிக்கு மற்ற நிறுவனங்களும் விலை கேட்கட்டும் என்று 'சுவிஸ் சவால்' என்னும் முறையை அறிவித்தது. யோசனை சொன்னவருக்கு எதிராகப் பிறர் விலை குறிப்பிடலாம். யோசனை சொன்னவர் அதற்கு ஈடுகொடுக்கலாம் என்பது அம்முறையின் சாரம். தடத்தின் சொத்து முழுவதும் அரசாங்கத்திடமே இருக்கும்படி, 2011-இல் எம்.ஆர்.டி நிறுவனத்தை அமைத்தது. வழித்தட வரைபடத்தை 2011 பிப்ரவரி முதல் மூன்று மாதங்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கும் வைத்தது. ஸ்டார், புத்ரா காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றமே.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். பொதுப் போக்குவரத்தைத் திட்டமிட்டு ஒழுங்குபடுத்த வேண்டிய ஆணையம் அமைந்ததும் 2010-இல்தான். அதற்கு அதிகாரம் தரும் சட்டம் 2011 ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்தது. ஆராய வேண்டிய அமைப்பும், ஆராயப்பட வேண்டிய யோசனையும் ஒரே காலத்தில் பிறந்தன. விடைத்தாள் வந்து சேர்ந்த பிறகு ஆசிரியரை நியமித்தது போல!

இதன் விளைவு என்ன என்பதற்கு 2018 ஒரு சான்று. அவ்வாண்டு மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசாங்கம் இரண்டாம் தடத்தின் செலவை மறுபடியும் கணக்கிட்டது. அக்டோபரில் நிலத்தடிப் பணியின் ஒப்பந்தத்தை இரத்து செய்யப் போவதாகவே அறிவித்தது. சில வாரங்களில் உடன்பாடு ஏற்பட்டது. மொத்தச் செலவு 3,935 கோடி ரிங்கிட்டிலிருந்து 3,053 கோடியாகக் குறைந்தது. 882 கோடி ரிங்கிட் வேறுபாடு! சில நிலையங்களைக் கைவிட்டதும் இந்தக் குறைப்பில் அடங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், உட்கார்ந்து பேசினால் இவ்வளவு குறையும் என்றால், முதலிலேயே ஏன் அப்படிப் பேசவில்லை என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது.

இன்னொரு செய்தியையும் எண்ணிப் பார்ப்போம். இரயில் கட்டணத்தை மட்டும் கொண்டு இரயில் கட்டிய கடனை அடைப்பது மிக அரிது. அப்படியென்றால் ஆதாயம் எங்கே போகிறது? நிலையத்தைச் சுற்றியுள்ள நிலத்தின் விலையில் போகிறது. ஹாங்காங்கில் இதை நன்கு உணர்ந்தார்கள். அங்கே அரசாங்கம் பெரும்பங்கு வைத்திருக்கும் இரயில் நிறுவனமே நிலையங்களின் மேலும் அருகிலும் வீடுகளும் கடைகளும் கட்டி, அந்த வருவாயால் தடத்தைத் தாங்குகிறது. மற்ற இடங்களில் நிலம் வைத்திருப்பவருக்கு அது தானாக வந்த யோகம். பாடுபட்டு வரி கட்டியவருக்கோ, அதே நிலையத்தின் அருகில் வாடகை உயர்கிறது.

என் மாணவன் ஒருவனின் தாயார் புக்கிட் பிந்தாங்கில் ஒரு பேரங்காடியில் துப்புரவுப் பணி செய்கிறார். குடியிருப்பது அடுக்குமாடி வீட்டில். எம்.ஆர்.டி நிலையம் அங்கிருந்து நான்கு கிலோமீட்டர். விடியுமுன் எழுந்து, இணைப்புப் பேருந்துக்காகக் காத்து நிற்கிறார். பேருந்து வந்தால் ஒரு மணி நேரத்தில் வேலையிடம். வராவிட்டால் இரண்டு மணி நேரம். "ரயில்ல குத்தமே இல்ல டீச்சர். ரயிலுக்குப் போறதுதான் பாடு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். ஐம்பது கிலோமீட்டர் தடத்துக்கு யோசனை சொல்லப் பெரிய நிறுவனங்கள் முன்வருகின்றன. அந்த நான்கு கிலோமீட்டருக்கு யோசனை சொல்ல யார் வருவார்? அதில் சுரங்கமில்லை, மேம்பாலமில்லை, கோடிகளில் ஒப்பந்தமில்லை. ஒரு பேருந்தும் ஓர் ஓட்டுநரும் போதும். அதனால்தான் அது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

தமிழ்ப்பள்ளிகளுக்கும் இது பொருந்தும். நம் பள்ளிகள் பல, தோட்டங்கள் இருந்த இடத்தில் நிற்கின்றன. தோட்டம் போயிற்று, மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர், பள்ளி மட்டும் பழைய இடத்திலேயே. பிள்ளைகள் வேனில் நெடுந்தூரம் வருகின்றனர். மாதந்தோறும் வேன் கட்டணம் கட்ட இயலாமல், அருகிலுள்ள வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டவர்களை நான் அறிவேன். ஒரு தமிழ்ப்பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைவதற்குப் பேருந்து இல்லாமையும் காரணம் என்றால் சிலர் நம்ப மறுப்பர். வகுப்பறையில் காலியாகும் நாற்காலியைப் பார்க்கும் நாங்கள் நம்புகிறோம்.

சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களைத் தேசிய அருங்காட்சியகத்திற்கு எம்.ஆர்.டி இரயிலில் அழைத்துச் சென்றோம். பலருக்கு அதுவே முதல் பயணம். இரயில் நிலத்தடிக்குள் இறங்கியதும் ஒரே ஆரவாரம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு சிறுமி என் கையைப் பிடித்து, "டீச்சர், இந்த ரயிலு யாரோடது?" என்று கேட்டாள்.

"நம்மோடதுதான்மா" என்றேன்.

"அப்ப ஏன் டிக்கெட் எடுக்கணும்?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவள் கேள்வி சிரிப்புக்குரியதன்று. நம்முடையது என்றால் அதன் செலவும் நம்முடையது. டிக்கெட்டாகவும் கட்டுகிறோம், வரியாகவும் கட்டுகிறோம், அரசாங்கத்தின் கடனாகவும் சுமக்கிறோம். அவ்வளவும் கட்டுபவர்க்கு, எங்கே ஓட வேண்டும், யார் கட்ட வேண்டும், என்ன விலை என்று கேட்கும் உரிமை உண்டு. அவளுக்குப் புரியும்படி, "எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் காசு போட்டு வாங்குன ரயிலு. ஓட்டுறதுக்கும் கொஞ்சம் கொஞ்சம் போடணும்" என்றேன். தலையை ஆட்டினாள்.

வேறொரு விலையும் இந்தத் தடத்துக்காகக் கொடுக்கப்பட்டது. 2014 ஆகஸ்டு 18-இல் கோத்தா டாமன்சாராவில் கட்டப்பட்டுக் கொண்டிருந்த தடத்தின் கான்கிரீட் பகுதி சரிந்து, வங்காளதேசத் தொழிலாளர் மூவர் உயிரிழந்தனர். எம்.ஆர்.டி நிறுவனத்தின் தலைமை அதிகாரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டின் தண்டவாளங்களில் உழைத்தவர்களுள் நம் முன்னோர் ஏராளம். செந்தூல் பட்டறையும் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளும் அவர்களின் வியர்வையை அறியும். இன்று அந்த இடத்தில் வேறு நாட்டு ஏழைகள். திறப்பு விழாப் படங்களில் அவர்கள் இருப்பதில்லை. இரயிலில் ஏறும்போது ஒரு கணமாவது அவர்களை நினைப்பது நம் கடமை.

பிற நாடுகளின் பாடம் என்ன? இலண்டனில் உலகின் முதல் நிலத்தடி இரயிலை 1863-இல் ஒரு தனியார் நிறுவனமே தொடங்கியது. தொடர்ந்து பல நிறுவனங்கள் தத்தம் தடங்களை அமைத்தன. 1933-இல் எல்லாவற்றையும் ஒரே பொது வாரியத்தின் கீழ்க் கொண்டு வந்தனர். ஒன்றாக்குவதற்கு அவர்களுக்கு எழுபது ஆண்டுகள். சிங்கப்பூரிலோ, பேருந்தா இரயிலா என்று நெடிய விவாதம் நடத்திய பின் 1982-இல் அரசாங்கமே முடிவெடுத்தது. 1987 நவம்பர் 7-இல் முதல் இரயில் ஓடியது. அங்கேயும் பின்னர் இரயிலை இயக்கும் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போயிற்று. 2016-இல் அதன் இரயில்களையும் சமிக்ஞை முதலியவற்றையும் அரசாங்க ஆணையம் சுமார் 106 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கிக் கொண்டது. எந்த வழியில் தொடங்கினாலும் கடைசியில் சேரும் இடம் ஒன்றாகவே இருக்கிறது.

இதனால் தனியார் யோசனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2010-இல் அந்த இரு நிறுவனங்களும் வாய் திறக்காமல் இருந்திருந்தால், நாம் இன்னும் பேசிக் கொண்டே இருந்திருக்கவும் கூடும். நல்ல யோசனை எவரிடமிருந்து வந்தாலும் நல்ல யோசனையே. வள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' என்று ஓர் அதிகாரத்தையே வைத்தாரே! செலவாவதையும் கிடைப்பதையும் பின்னால் வரும் பயனையும் எண்ணிப் பார்த்த பிறகே காரியத்தில் இறங்கு என்பதல்லவா அதன் கருத்து? யோசனை சொல்பவர் தமக்கு வரும் பயனை எண்ணியிருப்பார். நமக்கு வரும் பயனை எண்ணுவதற்கு நம் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அவ்வளவுதான் நான் சொல்ல விரும்புவது.

அந்த ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒன்று, இந்தத் தடம் ஏற்கெனவே உள்ள தடங்களோடு எங்கே, எப்படி இணைகிறது? இரண்டு, கணக்கு தவறினால் இழப்பு யாருடையது? மூன்று, நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரை எப்படிப் போவது? முதல் கேள்வியைக் கேட்காததால் மஸ்ஜிட் ஜாமேக்கில் மழையில் நனைந்தோம். இரண்டாவதைக் கேட்காததால் 500 கோடி ரிங்கிட்டைச் சுமந்தோம். மூன்றாவதை இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

ஒன்றாக்கினால் என்ன பயன் என்பதற்கும் கண்முன்னே சான்று உண்டு. மலேசியர்களுக்கு மாதம் 50 ரிங்கிட்டில் கிடைக்கும் மை50 பயண அட்டையைக் கொண்டு, பழைய ஸ்டார், பழைய புத்ரா, மோனோரயில், எம்.ஆர்.டி, பேருந்து எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் பயணம் செய்யலாம். நான் குறிப்பிட்ட அந்தத் தாயாரின் கைப்பையிலும் அது இருக்கிறது. மூன்று நிறுவனங்கள் மூன்று பயணச்சீட்டுகளை விற்ற காலத்தில் இப்படி ஓர் அட்டையைக் கற்பனை செய்யவும் முடிந்திருக்காது.

2010-இல் வரைந்த அந்த வட்டத் தடம் இப்போதுதான் உருப்பெற முயல்கிறது. 2018-இல் கைவிடப்பட்டு, 2022 மார்ச்சில் மீண்டும் அமைச்சரவையின் ஒப்புதலைப் பெற்ற மூன்றாம் எம்.ஆர்.டி அது. 51 கிலோமீட்டர். அதன் வழித்தடம் 2024 செப்டம்பர் முதல் மூன்று மாதங்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. வரைபடத்தைக் காட்டிக் கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்கும்போது நம்மவர்களில் எத்தனை பேர் போய்ப் பார்க்கிறோம்? கோயில் கூட்டத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுகிறோமா?

இனி இப்படி ஒரு வரைபடம் எந்த ஊரில் காட்சிக்கு வந்தாலும், உங்கள் வீட்டுக்கும் உங்கள் பிள்ளையின் பள்ளிக்கும் நிலையம் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். அங்கிருந்து பேருந்து எங்கே என்று கேளுங்கள். கேட்டதை எழுதியும் கொடுங்கள். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. அந்த நான்கு கிலோமீட்டரை நாள்தோறும் கடந்தவர்களுக்குத்தான் அது தெரியும்.